புதிய ரேம் இயங்காதபோது குற்றம் எங்கே? தீவகக் கணினிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

வினாவும் அதன் இடமும்

மேசைக் கணினியில் ரேமைக் கூட்டினால் வேலை விரைவுபடும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கூட்டிய பிறகு கணினி உயிர்பெறாமல் பீப் ஒலி மட்டும் எழுப்பினால், 8 ஜிபி போட்ட இடத்தில் 4 ஜிபி மட்டுமே காட்டினால், அல்லது இரண்டு நாள் ஒழுங்காக ஓடிவிட்டு நீலத்திரையில் நின்றால், குற்றம் எங்கே என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. ரேம் தயாரிப்பாளர் மதர்போர்டைக் காட்டுவார். மதர்போர்ட் தயாரிப்பாளர் தாம் சோதித்த ரேம்களின் பட்டியலைக் காட்டுவார். விற்றவர் தம் கடைக் கணினியில் அது ஓடியதைக் காட்டுவார். திருத்துநர் ரேமைக் கழற்றித் துடைத்து மீண்டும் செருகுவார், சில வேளை அதிலேயே கணினி எழுந்துவிடும். நால்வர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நால்வரும் ஒரே வினாவுக்கு விடை சொல்லவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதைச் சுருவிலில் இருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. வேலணைத்தீவில் ஊர்காவற்றுறைப் பக்கமாக அமைந்த இக்கிராமத்துக்கு ஒரு கணினிப் பாகம் யாழ்ப்பாண நகரத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்தாக வேண்டும். பண்ணைத் தாம்போதி இருப்பதால் சுருவிலுக்கு நகரம் தரைவழியே எட்டுகிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானில் படகேற வேண்டும். ‘பொருந்தாவிட்டால் கொண்டுவந்து மாற்றுங்கள்’ என்பது கடைக்கு அருகில் இருப்பவருக்குப் பொருந்தும் அறிவுரை. தீவகம் எனப்படும் இத்தீவுகளில் ஒவ்வொரு மாற்றமும் ஒரு நாளின் வேலையையும் பயணச் செலவையும் தின்கிறது. உலகெங்கும் எழுதப்படும் வழிகாட்டிகள் ‘வாங்கு, செருகு, பார்’ என்ற வரிசையையே எடுத்துக்கொள்கின்றன. இங்கே அவ்வரிசையைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது.

பழைய கணினியைக் கைவிடாமல் வைத்திருக்கும் தேவையும் கூடியிருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுச் சேவையகங்களின் தேவை நினைவகச் சிப்களின் விலையை உலகெங்கும் ஏற்றிவிட்டது. புதுக் கணினி எட்டாத வீட்டில், பள்ளிப் பிள்ளை படிக்கும் பழைய கணினிக்கு ஒரு ரேம் கூட்டுவதே கைக்கெட்டும் வழி. அது தவறினால் போகும் காசு சிறிதல்ல.

தரநிலையே போதும் என்ற விடை

மிகப் பழைய விடை தரநிலையிலிருந்து வருகிறது. தொடக்ககாலத் தனியாள் கணினிகளில் நினைவகச் சிப்களை ஒவ்வொன்றாக மதர்போர்டில் குத்திவைத்தார்கள். பின்னர் 30 முனைகளும் 72 முனைகளும் கொண்ட சிம் வகைகள் வந்தன. அவற்றைச் சோடியாகப் போட வேண்டிய கணினிகள் பல இருந்தன. இந்தக் குழப்பத்தை ஒழுங்கில் கொண்டுவந்தது ஜெடெக் என்ற தொழில்துறைத் தரநிலை அமைப்பு. டிடிஆர் தரநிலையை 2000இலும் டிடிஆர்2ஐ 2003இலும் டிடிஆர்3ஐ 2007இலும் டிடிஆர்4ஐ 2012இலும் டிடிஆர்5ஐ 2020இலும் அது வெளியிட்டது. மின்னழுத்தம் 2.5 வோல்ட்டிலிருந்து 1.8, 1.5, 1.2 எனக் குறைந்து 1.1 வரை இறங்கியது. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 முனைகள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 முனைகள். எண்ணிக்கை ஒன்றானாலும் விளிம்பிலுள்ள வெட்டின் இடம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. ஆகவே தவறான தலைமுறை ரேம் ஸ்லொட்டில் இறங்காது. அழுத்தி இறக்க முயன்றால் உடையும்.

இவ்விடையின் ஆதரவாளர்கள் சொல்வது எளிமையானது: தலைமுறையும் அளவும் சரியாக இருந்தால் எந்தத் தயாரிப்பும் ஓடும், ஓடாவிட்டால் ஏதோ ஒன்று பழுது. பெரும்பாலான நேரங்களில் இது பலிக்கிறது. அதனால்தான் கடையில் ‘டிடிஆர்3, 4 ஜிபி ஒன்று’ என்ற அளவில் வணிகம் நடக்கிறது. ஆனால் தரநிலை என்பது தயாரிப்பாளர் தெரிவு செய்யக்கூடிய வடிவங்களின் தொகுதி. அதிலுள்ள எல்லா வடிவங்களையும் ஏற்கும்படி ஒவ்வொரு மதர்போர்டையும் அது கட்டாயப்படுத்துவதில்லை. டிடிஆர்3க்குள்ளேயே 1.5 வோல்ட் வகையும் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகையும் உண்டு. இரண்டுக்கும் வெட்டு ஒரே இடத்தில். டிடிஆர்3எல் ரேம் பழைய 1.5 வோல்ட் கணினியிலும் ஓடும். மறுபக்கம் அப்படியில்லை: இன்டெலின் ஆறாம் தலைமுறைப் புரொசெசர்கள் டிடிஆர்3 குடும்பத்தில் 1.35 வோல்ட் வகைக்கே வரையறுக்கப்பட்டவை. அதே ஆறாம் தலைமுறை டெல் ஒப்டிபிளெக்ஸ் வரிசையில் 3040 டிடிஆர்3எல் ஏற்கிறது, 7040 டிடிஆர்4 ஏற்கிறது. ‘ஆறாம் தலைமுறை டெல்’ என்று மட்டும் சொல்லி ரேம் கேட்பவர் பாதித் தகவலோடு போகிறார்.

சேவையக ரேம் இன்னொரு பொறி. டிடிஆர்3, டிடிஆர்4 காலத்தில் சேவையகங்களுக்கான பதிவுகொண்ட (ரெஜிஸ்டர்ட்) ரேம், சாதாரண மேசைக் கணினி ஸ்லொட்டில் தடையின்றி இறங்கிவிடும். ஆனால் கணினி எழாது. கழித்துவிடப்பட்ட சேவையகங்களிலிருந்து இவை மலிவாகச் சந்தைக்கு வருவதால் ஏமாற்றமும் மலிவாகக் கிடைக்கிறது. டிடிஆர்5இல்தான் சேவையக வகைக்கு வெட்டின் இடத்தை மாற்றி இந்த வாசலை அடைத்தார்கள். இறங்குவது ஒன்று, இயங்குவது வேறொன்று. தரநிலை விடை முதலாவதை மட்டுமே உறுதியாகச் சொல்கிறது.

இறங்கியும் எண்ணப்படாத ரேம்

இந்த வினாவின் மிக வளமான பகுதி இங்கேதான் இருக்கிறது. நம் பகுதிப் பழைய கணினிகளைப் பெரிதும் தொடுவதும் இதுவே. ஒரு ரேமின் கொள்ளளவு, அதிலுள்ள சிப்களின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு சிப்பின் கொள்ளளவையும் பெருக்கி வருவது. 4 ஜிபி ரேமை 2 கிகாபிட் சிப்கள் பதினாறு கொண்டும் செய்யலாம், 4 கிகாபிட் சிப்கள் எட்டுக் கொண்டும் செய்யலாம். வெளிப்பார்வைக்கும் லேபிளின் பெரிய எழுத்துக்கும் இரண்டும் 4 ஜிபி டிடிஆர்3. நினைவகக் கட்டுப்படுத்திக்கோ இரண்டும் வேறு வேறு. அது ஒவ்வொரு சிப்பையும் வரிசை, நிரல் எனக் கட்டம் பிரித்து முகவரியிட்டு அணுகுகிறது. தான் வடிவமைக்கப்பட்ட காலத்தில் இல்லாத கட்ட அளவை அதற்கு அணுகத் தெரியாது.

இன்டெல் ஜி41 சிப்செட் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 2008இல் வந்த அக்குடும்பம் டிடிஆர்3 சிப்களை 2 கிகாபிட் வரையே கையாளும். பின்னாளில் 4 கிகாபிட் சிப்கள் மலிந்தபோது, எட்டுச் சிப் கொண்ட 4 ஜிபி ரேம்கள் கடைகளை நிறைத்தன. ஜி41 மதர்போர்டில் அவற்றைப் போட்டால் கணினி எழாது. பதினாறு சிப் கொண்ட பழைய 4 ஜிபி ரேம் போட்டால் எழும். இதை அனுபவத்தில் கண்ட திருத்துநர்கள் ‘இரு பக்கமும் சிப் உள்ள ரேம் கேள்’ என்று ஒரு விதி உண்டாக்கினார்கள். நல்ல விதி, ஆனால் முழுமையானதல்ல.

அந்த விதி முறியும் இடம் ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்ற பெயரோடு மலிவாக விற்கப்படும் ரேம். அதிலும் பதினாறு சிப்கள், இரு பக்கமும் உண்டு. ஆனால் ஒவ்வொரு சிப்பும் ஒரு தடவைக்கு 8 பிட் தராமல் 4 பிட் தரும் வகை. அவற்றை அணுக 11 பிட் நிரல் முகவரி வேண்டும். இன்டெலின் மேசைக் கணினிக் கட்டுப்படுத்திகள் 8, 16 பிட் அகலச் சிப்களுக்கே அமைந்தவை, அவற்றின் நிரல் முகவரி 10 பிட். ஆகவே அந்த ரேம் பல ஏஎம்டி கணினிகளில் ஓடும், இன்டெலில் ஓடாது. சிப்பை எண்ணிப் பார்த்து வாங்கியவர் இங்கே ஏமாறுவார். ஏமாறாமல் இருக்க உதவுவது லேபிளில் சிறிய எழுத்தில் அச்சாகும் ஒரு குறிப்பு. ‘2ஆர்எக்ஸ்8’ என்றால் இரண்டு ரேங்க் (ஒன்றாக அணுகப்படும் சிப்களின் தொகுதி), 8 பிட் அகலச் சிப். ‘1ஆர்எக்ஸ்8’ என்றால் ஒரே ரேங்க். ‘எக்ஸ்4’ என்று முடிந்தால் பழைய இன்டெல் மேசைக் கணினிக்கு அதை எடுக்கக்கூடாது. கொள்ளளவும் இந்தக் குறிப்பும் சேர்ந்தால் சிப்பின் அளவைக் கணக்கிட்டுவிடலாம்: 4 ஜிபியும் 2ஆர்எக்ஸ்8உம் என்றால் 2 கிகாபிட், 4 ஜிபியும் 1ஆர்எக்ஸ்8உம் என்றால் 4 கிகாபிட். ஜி41 வைத்திருப்பவருக்கு முதலாவது பொருந்தும். வாங்குமுன் செய்யக்கூடிய இந்த ஒரு கணக்கு, வாங்கிய பின் செய்யும் பல சோதனைகளைத் தேவையற்றதாக்குகிறது.

இதே சிக்கல் வெவ்வேறு உருவில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 2023இல் 24 ஜிபி, 48 ஜிபி என்ற புதிய அளவுகளில் டிடிஆர்5 ரேம்கள் வந்தபோது, அதற்கு முன் விற்ற மதர்போர்டுகள் பயோஸ் என்ற தொடக்க மென்பொருளின் புதுப்பிப்புக்குப் பிறகே அவற்றை ஏற்றன. அங்கே மென்பொருளால் தீர்ந்தது. ஜி41இல் எல்லை வன்பொருளிலேயே பதிந்திருப்பதால் எந்தப் புதுப்பிப்பும் உதவாது. ‘பயோஸைப் புதுப்பித்தால் சரியாகும்’ என்ற பொது அறிவுரையை ஏற்குமுன் எல்லை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மின்வெட்டு நேரக்கூடிய இடத்தில் பயோஸ் புதுப்பிப்பு ஆபத்தானது. இடையில் மின் போனால் மதர்போர்டே செயலிழக்கலாம். கணினி ரேமை ஏற்றுக்கொண்டும் விண்டோஸ் அதை முழுதாகப் பயன்படுத்தாத நிலை வேறு. 32 பிட் விண்டோஸ் தனியாள் பதிப்புகள் 4 ஜிபி எல்லையைத் தாண்டாது. அதற்கு ரேமைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பட்டியலை நம்புவோர்

தரநிலை போதவில்லை என்று கண்டவர்கள் தயாரிப்பாளரின் பட்டியலை நாடினார்கள். மதர்போர்ட் நிறுவனங்கள் தாம் சோதித்து ஏற்ற ரேம்களின் பட்டியலை வெளியிடுகின்றன. கிங்ஸ்டன், குருஷியல் போன்ற ரேம் தயாரிப்பாளர்கள், கணினி மாதிரியைச் சொன்னால் ஏற்ற ரேமைக் காட்டும் தேடல் வசதி வைத்தார்கள். உத்தரவாதமும் அதனோடு வந்தது. ஒரே பெட்டியில் சோடியாக வரும் ரேம்களையே வாங்கு, இரண்டு பெட்டிகளைக் கலக்காதே என்பதும் இம்முகாமின் அறிவுரை. அதற்கு அடிப்படை இல்லாமலில்லை. சம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று பெரும் சிப் உற்பத்தியாளர்களில் யாருடைய சிப் கிடைக்கிறதோ அதை வைத்து, ஒரே பெயரில் ரேம் செய்து விற்பவர்கள் உண்டு. சில தயாரிப்பாளர்கள் லேபிளில் பதிப்பு எண் அச்சிடுவது இந்த மாற்றத்தை அடையாளம் காட்டத்தான்.

ஆனால் அந்த அடிப்படையே பட்டியலின் பலவீனமும் ஆகிறது. சோதித்த நாளில் ஒரு பெயருக்குள் இருந்த சிப், இன்று அதே பெயருக்குள் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பட்டியல்கள் மதர்போர்ட் புதிதாக இருக்கும்வரை வளரும், பிறகு நின்றுவிடும். பத்து, பன்னிரண்டு ஆண்டு பழைய கணினிக்குப் பட்டியலில் உள்ள ரேம் பெரும்பாலும் கடையில் கிடைக்காது, கடையில் கிடைப்பது பட்டியலில் இருக்காது. மலிவான, பெயரறியா மதர்போர்டுகளுக்குப் பட்டியலே கிடையாது. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் குருஷியல் நுகர்வோர் வணிகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. பட்டியலைப் பேணுபவரே சந்தையை விட்டுப் போகக்கூடும் என்பதை அது காட்டியது. பட்டியலில் இல்லாத ரேம் ‘சோதிக்கப்படாதது’. ‘பொருந்தாதது’ என்று அதற்குப் பொருளில்லை. இந்த வேறுபாட்டை மறந்தால், ஓடக்கூடிய மலிவான ரேமை விட்டு விலை கூடியதற்குப் போவோம்.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். சாதாரண வீட்டுக்காரரிடம் ரேங்க், பிட் அகலம், கிகாபிட் என்றெல்லாம் கேட்பது நியாயமா, பட்டியலைப் பார்த்து வாங்கென்று சொல்வதுதானே எளிது என்பார்கள். புதிய கணினிக்கு அது சரியே. பழைய கணினிக்கு அந்த எளிமை கிடைப்பதில்லை. அதோடு, கணினிக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ரேமே அதற்கு மிக நம்பத்தக்க பட்டியல். அதன் லேபிளில் உள்ள குறிப்பைத் தொலைபேசியில் படம் எடுத்துக் கடையில் காட்ட யாருக்கும் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. சிபியு-இசட் போன்ற இலவச மென்பொருளும் ரேமிலுள்ள சிறு சிப்பிலிருந்து இத்தகவலில் ஒரு பகுதியை வாசித்துக் காட்டும். அந்தச் சிறு சிப்பில் தன் விவரத்தைத் தானே எழுதிவைத்திருப்பது எல்லா டிடிஆர் ரேம்களுக்கும் பொது.

தொடுகையும் உப்புக் காற்றும்

திருத்துநர்களின் விடை வேறு திசையிலிருந்து வருகிறது. அவர்கள் அனுபவத்தில் ‘பொருந்தாத’ ரேம்களில் கணிசமானவை சரியாக உட்காராதவை அல்லது தொடுகை அழுக்கானவை. கழற்றி, அழிறப்பரால் தேய்த்து, மீண்டும் இரண்டு பக்கமும் கிளிக் என்று பிடிக்கும்வரை அழுத்தினால் சரியாகிவிடும். பொறியியலில் இதற்குப் பழைய ஆதாரம் உண்டு. சிம் காலத்தில் வெள்ளீயப் பூச்சுள்ள முனையைத் தங்கப் பூச்சுள்ள சொக்கெட்டில் போட்டால், வெப்பத்தால் விரிந்து சுருங்கும் நுண்ணிய உரசலில் ஒட்சைட்டுப் படிந்து தொடுகை கெடுவதைக் கண்டார்கள். ஒரே உலோகத்தை ஒரே உலோகத்தோடு சேர் என்பது அப்போதைய அறிவுரை. இன்றைய ரேம்களின் முனைகளில் நிக்கலின் மேல் தங்கம் பூசியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தங்கப் படை ஒரு மைக்ரோமீற்றருக்கும் மெல்லியது. அதிலுள்ள நுண்துளை வழியாக ஈரமும் உப்பும் உள்ளே புகுந்தால் அடியிலுள்ள உலோகம் அரிக்கும்.

நாற்புறமும் கடல் சூழ்ந்த ஊரில் இந்த விடைக்கு எடை கூடுகிறது. குளிரூட்டப்படாத அறையில், யன்னலோரம் வைத்த கணினியில் படியும் தூசி வெறும் தூசியல்ல. அது ஈரத்தை இழுத்துவைக்கும் உப்பும் கலந்தது. வெளியூரில் இருந்து வரும் வழிகாட்டிகளில் கடைசி வரியாக இருக்கும் ‘தொடுகையைச் சுத்தம் செய்’ என்பது தீவகத்தில் முதல் வரியாக வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். ஆனால் அழிறப்பரைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். அது தேய்த்து அகற்றுவது அழுக்கை மட்டுமல்ல, தங்கத்தையும்தான். ஒவ்வொரு முறையும் அழிறப்பரால் சரியாகும் ரேம், ஒவ்வொரு முறையும் சற்று விரைவாகக் கெடும் நிலைக்குப் போகிறது. ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த, நாரில்லாத துணியால் துடைப்பது பாதுகாப்பானது. ஸ்லொட்டின் உட்புறத்தில் தூரிகையால் தூசியைத் தட்டலாம்; உலோகக் கருவி எதையும் உள்ளே விடக்கூடாது. எதைச் செய்வதற்கும் முன் மின் வடத்தைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். கணினி அணைந்திருந்தாலும் மின்வழங்கியிலிருந்து 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் மதர்போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும். அந்த நிலையில் ரேமைக் கழற்றுவது நல்ல ரேமையும் பழுதாக்கலாம்.

இவ்விடையின் பலவீனம் அதன் வெற்றியிலேயே இருக்கிறது. கழற்றிச் செருகியதும் கணினி எழுந்தால் தேடல் நின்றுவிடுகிறது. உண்மையில் செருகியபோது ஸ்லொட் மாறியிருக்கலாம், பயோஸ் தன் அமைப்பைத் தொடக்கநிலைக்குக் கொண்டுபோயிருக்கலாம், அல்லது எல்லைக்கோட்டில் ஓடும் ரேம் குளிர்ந்தபோது மட்டும் எழுந்திருக்கலாம். ஒரு முறை எழுந்ததைத் திருத்தமாகக் கொள்ளாமல், ஒரு வாரம் தடையின்றி ஓடியதைத் திருத்தமாகக் கொள்வதே நேர்மையான அளவுகோல்.

வேகம் ஒத்துப்போகாமை

அடுத்த விடை நேரக்கணக்கைச் சொல்கிறது. ரேம் இறங்கிவிட்டது, எண்ணப்பட்டும் விட்டது, தொடுகையும் நன்று. ஆனால் கொடுத்த வேகத்தில் தவறின்றி ஓட முடியவில்லை. இந்த வினா முன்பு மதர்போர்டுக்கு உரியது. ஏஎம்டி 2003இலும் இன்டெல் 2008இல் நெஹேலம் வடிவமைப்பிலும் நினைவகக் கட்டுப்படுத்தியைப் புரொசெசருக்குள் கொண்டுவந்த பிறகு, புரொசெசரும் சாட்சிக்கூண்டில் ஏறிவிட்டது. புரொசெசர் சொக்கெட்டில் ஒரு முள் வளைந்தாலும், குளிர்விப்பானை ஒருபக்கமாக இறுக்கினாலும், ஒரு வழித்தடத்து ரேம் முழுவதும் காணாமல் போகலாம். குறிப்பிட்ட ஸ்லொட்டில் எந்த ரேமும் தெரியாவிட்டால் ரேமை மாற்றுமுன் இதைப் பார்க்க வேண்டும்.

வேகம் வேறான இரண்டு ரேம்களைக் கலந்தால் இரண்டும் மெதுவானதின் வேகத்துக்கு இறங்கி ஓடுவதே வழக்கம். அது பழுதல்ல. அளவு வேறான 4 ஜிபியும் 8 ஜிபியும் சேர்ந்தால் பல கணினிகள் முதல் 8 ஜிபியை இரட்டை வழித்தடமாகவும் மீதி 4 ஜிபியை ஒற்றை வழித்தடமாகவும் பயன்படுத்திக்கொள்ளும். பழைய டிடிஆர்3 கணினிகளில் கலத்தலுக்கு எதிரான எச்சரிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்பது என் கணிப்பு, ஏனெனில் அங்கே வேகம் தாழ்ந்தது, பிழை நேராமல் தாங்கும் இடைவெளி அதிகம். டிடிஆர்5இல் நிலை நேர் எதிர். ரைசன் 7000 புரொசெசர்களுக்கு ஏஎம்டி வரையறுத்த வேகம் இரண்டு ரேமுக்கு 5200. நான்கு ஸ்லொட்டையும் நிரப்பினால் 3600. இதை அறியாதவர் இரண்டு ரேம் உள்ள கணினிக்கு மேலும் இரண்டு வாங்கிவிட்டு, கணினி கெட்டுவிட்டதென்று நினைப்பார். அதோடு, டிடிஆர்5 கணினி புதிய ரேமைக் கண்டதும் நேரக்கணக்கைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் கருந்திரையோடு நிற்கும். பொறுமையில்லாமல் மின்னை அணைத்தால் அது மீண்டும் தொடக்கத்திலிருந்து வரும்.

பெட்டியின் மேல் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் தரநிலை வேகமல்ல. இன்டெல் 2007இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி, ஏஎம்டி 2022இல் கொண்டுவந்த எக்ஸ்போ ஆகிய அமைப்புகளை இயக்கினால்தான் அந்த வேகம் வரும். அது வரையறைக்கு மேலான ஓட்டம். வேகத்தைக் குறைத்துப் பார் என்ற அறிவுரைக்கு இங்கே திடமான சான்றும் உண்டு. மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட, ஏறத்தாழ பத்து லட்சம் நுகர்வோர் கணினிகளின் பழுதறிக்கைகளை ஆராய்ந்த கட்டுரையில், வரையறைக்கு மேல் ஓட்டிய கணினிகள் கூடுதலாகப் பழுதடைந்ததையும் வரையறைக்குக் கீழ் ஓட்டியவை குறைவாகப் பழுதடைந்ததையும் கண்டார்கள். பள்ளிப் பிள்ளையின் கணினிக்கு அச்சிட்ட வேகத்தின் கடைசித் துளி தேவையில்லை. நிலையான ஓட்டமே தேவை.

சோதனை எவ்வளவு சொல்லும்

‘சோதித்துப் பார்’ என்போர் எல்லா விடைகளுக்கும் மேலே நிற்கிறார்கள். ஆனால் சோதனையின் வரிசை சரியாக இருந்தால்தான் அது எதையாவது சொல்லும். பழைய ரேமை மட்டும் வைத்துக் கணினி முன்போலவே ஓடுகிறதா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். பிறகு அதே ஸ்லொட்டில் புதிய ரேம் மட்டும். பிறகு புதிய ரேம் அடுத்த ஸ்லொட்டில். கடைசியாக இரண்டும் சேர்ந்து. புதியது எந்த ஸ்லொட்டிலும் தனியாக எழாவிட்டால் முகவரிச் சிக்கலோ பழுதோ. தனியாக எழுந்து சேர்ந்தால் எழாவிட்டால் நேரக்கணக்கு. ஒரு ஸ்லொட்டில் மட்டும் எதுவும் எழாவிட்டால் ஸ்லொட்டோ புரொசெசர் சொக்கெட்டோ. பலர் பழைய ரேமைத் தனியாகப் பார்ப்பதே இல்லை. கழற்றிச் செருகும்போது பழைய ரேமின் தொடுகையும் கலைந்திருக்கலாம். அப்போது குற்றமற்ற புதிய ரேம் பண்ணை கடந்து திரும்பிப் போகும்.

எழுந்த பிறகு ஓட்ட வேண்டிய சோதனைகளில் மெம்டெஸ்ட்86+ இலவசமானது, நம்பத்தக்கது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே ஒரு சோதனை உண்டு. அது இலகுவானது, ஆனால் மேலோட்டமானது. ஒரு பிழை காட்டினாலும் அந்தச் சேர்க்கையை ஏற்கக்கூடாது. கூகுள் தரவு மையங்களை இரண்டரை ஆண்டு கண்காணித்து 2009இல் வெளிவந்த ஆய்வு, ஆண்டொன்றில் எட்டு விழுக்காட்டுக்கு மேலான ரேம்கள் பிழை கண்டதாகச் சொன்னது. அதுவரை பலர் நம்பியபடி பிழைகள் கதிர்வீச்சால் எங்கோ எப்போதோ நேரும் தற்செயல்களாக இல்லை. பெரும்பாலும் வன்பொருளின் நிலைத்த குறையால் நேர்பவையாகத் தோன்றின. மைக்ரோசொஃப்ட் ஆய்வும் ஒரு முறை நினைவகப் பிழை கண்ட கணினி மீண்டும் காணும் வாய்ப்பு பன்மடங்கு என்றது. ஆகவே ‘ஒரு தடவைதான் வந்தது’ என்ற ஆறுதல் செல்லாது. மறுதிசையில், பிழையின்றி முடிந்த சோதனை நிரபராதத்தை நிறுவுவதில்லை. அந்த வெப்பத்தில், அந்த மின்னழுத்தத்தில், அந்த நேரம்வரை பிழையில்லை என்று மட்டுமே அது சொல்கிறது.

மின்சாரம் இங்கே இடையில் வருகிறது. ஆழமான சோதனைக்குப் பல மணி நேரம் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தபோது அது இயலாத காரியம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையோடு இணையாமல் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. அவற்றுக்குக் காற்று, சூரிய ஒளி, மின்கலம் சேர்ந்த கலப்பு மின்திட்டம் இந்திய நிதியுதவியோடு அமைய 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடத்தில் கெட்ட மின்வழங்கியும் கெட்ட ரேமும் ஒரே அறிகுறியைக் காட்டும். புதிய ரேம் போட்ட நாளில் தொடங்கிய நீலத்திரைக்கு ரேம்தான் காரணம் என்று கொள்வது இயல்பு. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இன்னும் தீராதவை

நான்கு விடைகளும் நான்கு படிகளுக்கு உரியவை. இறங்குமா என்பதற்குத் தரநிலை, எண்ணப்படுமா என்பதற்குச் சிப்பின் அமைப்பு, தொடுமா என்பதற்குத் திருத்துநரின் அனுபவம், நிலைக்குமா என்பதற்கு வேகமும் சோதனையும். பட்டியல் இவற்றுக்கு நடுவே ஒரு குறுக்குவழி. கிடைக்கும் இடத்தில் நல்லது. முதல் இரண்டையும் வாங்குமுன் கடைக்கு வெளியிலேயே தீர்த்துவிடலாம். தீவகத்துக்கு அவையே முதன்மையானவை என்று நான் கொள்வது, திரும்பிப் போகும் பயணத்தைத் தவிர்ப்பவை அவை என்பதால்தான்.

தீராத வினாக்களும் உண்டு. பெருந்தரவு மையங்களின் ரேமைப் பற்றி நல்ல ஆய்வுகள் இருப்பது போல, பல கை மாறிய ரேம்களைக் கலந்து ஓடும் வீட்டுக் கணினிகளைப் பற்றி இல்லை. கடலோர ஈரத்தில் தங்கப் படை எத்தனை ஆண்டு தாங்கும் என்பது அறையையும் பராமரிப்பையும் பொறுத்து வெகுவாக மாறக்கூடியது. பொதுவான ஓர் எண்ணைச் சொல்வது பொறுப்பாகாது. டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே பிழைதிருத்தம் வந்திருப்பது நல்லதே. ஆனால் அது சிப்புக்கும் புரொசெசருக்கும் இடைப்பட்ட வழியில் நேரும் பிழையைக் காப்பதில்லை. சிறு குறைகளை அது மறைத்துவிட்டால், வீட்டுப் பயனர் முன்கூட்டியே அறியும் வாய்ப்புக் குறையுமா என்பதும் திறந்தே இருக்கிறது. 2023 டிசம்பரில் ஜெடெக் வெளியிட்ட காம்2 வடிவம் ஸ்லொட்டையே நீக்கித் திருகாணியால் பொருத்துகிறது. அது மேசைக் கணினிக்குப் பரவினால் தொடுகைச் சிக்கல் எந்த உருவெடுக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது.

தீர்க்கக்கூடியது ஒன்று கடைக்காரர் கையில் இருக்கிறது. ரேம் விற்கும்போது பற்றுச்சீட்டில் கொள்ளளவை மட்டும் எழுதாமல் தலைமுறை, மின்னழுத்தம், ரேங்க், சிப் அகலம் நான்கையும் லேபிளில் உள்ளபடி எழுதிக் கொடுங்கள். படகேறி வருகிறவர்களுக்கு மாற்றித்தரும் காலத்தை ஒரு வாரமாவது நீட்டுங்கள். வாங்குகிறவர்களும் பழைய ரேமின் லேபிளைப் படமெடுத்துக்கொள்ளாமல் பண்ணை கடக்க வேண்டாம்.